துண்டு கட்டின கதவு

எங்க லைன்ல துண்டு கட்டின கதவை யாரும் தட்டக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவ நான்தான். வேற யார் தலையிலயும் பழியைத் தூக்கிப் போட முடியாது, போடவும் மாட்டேன்.

லைன் வீடுன்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஓசூர்ல கம்பெனிங்க இருக்கிற பக்கமெல்லாம் இந்த மாதிரி எத்தனையோ இருக்கு. இந்தப் பக்கம் அஞ்சு ரூம், அந்தப் பக்கம் அஞ்சு ரூம், நடுவுல ஒரு சந்து. மேல சிமெண்ட் ஷீட்டு, கை தூக்கினா தொட்டுடலாம். ஒரு ரூமுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். சந்து முனையில எல்லாருக்கும் ஒரே குழாய். முதல் ரூம் எங்களுது. என் பேரு ஃபகருன்னிசா, லைன்ல எல்லாருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னாடி வேற பேர் வச்சிருக்காங்க, அதுவும் எனக்குத் தெரியும்.

எங்க வீட்டுக்காரர் முனீர் அகமது தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல ஆபரேட்டரா இருந்தவர். ஏழு வருஷம் முன்னாடி ஒரு வாரம் நைட் ஷிப்ட். பகல்ல தூங்கணும்னா இந்தச் சந்துல எங்க தூங்குறது? ஒருத்தி மிக்ஸி போடுவா, பசங்க டயர் ஓட்டுவானுங்க, பினாயில் விக்கிறவன் கதவைத் தட்டுவான், ஓனர் ஆள் தண்ணி மோட்டார் சாவி கேட்டுத் தட்டுவான். மூணு நாள் மனுஷன் கண்ணையே மூடல. மூணாவது நைட் மெஷின் முன்னாடி நின்னபடி ஒரு நிமிஷம் கண்ணு சொருகிடுச்சு. வலது கையில மூணு விரல் போயிடுச்சு. இப்ப கம்பெனி கேட் பக்கத்துல பிளாஸ்க்ல டீ விக்கிறார், இடது கையாலதான் ஊத்துவார்.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த லைன்ல இனிமே ஒருத்தன் தூக்கம் கெடக் கூடாது. நைட் முடிச்சு வர்றவன் தாழ்ப்பாள்ல துண்டைக் கட்டிட்டு உள்ள போய்ப் படுத்துக்கணும். துண்டு இருந்தா அந்தக் கதவுகிட்ட எவனும் போகக் கூடாது. சும்மா சொல்லல, நடத்திக் காட்டினேன். கொரியர் பையனை விரட்டினேன். கோயில் நன்கொடைக்கு வந்தவங்களைச் சந்து முனையிலயே நிறுத்தினேன். வீடு வீடா கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா ஒருதடவை தெரியாம தட்டிட்டாங்க, அவங்களையும் விடல. பாவம், அழுவுற மாதிரி ஆயிட்டாங்க. பக்ரீத் அன்னைக்குக் கூட துண்டு கட்டின வீட்டுக்குப் பிரியாணியை எடுத்து வச்சுட்டு, எழுந்திருச்சப்புறம்தான் கொடுப்பேன். பக்கத்து லைன்காரங்களும் பார்த்துட்டு இதையே பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அதுல ரொம்பப் பெருமை. இப்ப நெனச்சா என் வாயிலயே நாலு போட்டுக்கணும் போல இருக்கு.

ராஜ்குமார் ஆறாம் நம்பர் ரூம்ல இருந்தான். கல்லாவிப் பக்கத்துப் பையன், இருபத்தெட்டு வயசு, கம்பெனியில இரும்பு உருக்குற பர்னஸ் பக்கம் வேலை. அவன் பொண்டாட்டி சுஜாதாவுக்கு ஒன்பதாம் மாசம், நாகரசம்பட்டியில அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. பிரசவம் வருதேன்னு இவன் வர்ற ஓவர்டைமையெல்லாம் பார்த்தான். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனா காலைல ஏழு தாண்டித்தான் வருவான். நல்ல பையன். குடத்தைத் தூக்க முடியாம நான் நின்னா ஓடி வந்து தூக்குவான், அப்புறம் "என்னக்கா, பாய் வீட்டுல சாப்பாடு கொறைச்சலா?"ன்னு கிண்டல் பண்ணுவான்.

இந்த வருஷ வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா? ஃபேன் இல்லாம போர்வை போர்த்திப் படுத்த ஊரு இந்த ஓசூர். நாங்க வந்த புதுசுல ஏப்ரல் மாசம் கூட ராத்திரி குளிரும். இப்ப காலைல பத்து மணிக்கே ஷீட்டு படபடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிடுது. மத்தியானம் சுவத்துல கை வச்சா தோசைக்கல்லு மாதிரி இருக்கு. கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்துல இருந்து வந்த பசங்க இதைப் பார்த்துச் சிரிப்பானுங்க. "எங்க ஊரு வெயிலை நீங்க பார்த்ததில்லக்கா, இதெல்லாம் வெயிலா?"ன்னு ராஜ்குமாரும் சொன்னவன்தான். அவன் ஊர்ல வெயில் அடிச்சா வேப்பமரம் இருக்கு, கிணத்து மேடு இருக்கு. இங்க மாதிரி ஷீட்டுக்குக் கீழ, ஜன்னல்ல அட்டை அடிச்சு இருட்டாக்கிக்கிட்டு அங்க எவன் படுத்தான்? அதை அவனும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

அந்த வாரம் ஹெல்த் சென்டர் நர்ஸம்மா மாதேஸ்வரி வந்தாங்க. வெயிலுக்குத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு பை நிறைய என்கிட்ட கொடுத்து, "ஃபகருன்னிசாக்கா, உங்க லைனுக்கு நீங்கதான் பொறுப்பு. பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் மணிக்கு ஒருதடவை எல்லா வீட்டையும் பாருங்க. தனியா இருக்கிறவங்களை முக்கியமா பாருங்க. தட்டுங்க, பேச்சுக் கொடுங்க, பதில் சரியா வருதான்னு பாருங்க"ன்னு சொன்னாங்க.

"துண்டு கட்டினவங்களை விட்டுட்டு மத்தவங்களைப் பார்க்கிறேன்"னு சொன்னேன்.

"அது யாரு துண்டு கட்டினவங்க?"

"நைட் ஷிப்ட் தூங்குறவங்க. அவங்களை எழுப்பக் கூடாது, எங்க லைன் சட்டம் அது."

"அவங்களைத்தான் முதல்ல பார்க்கணும்கா"ன்னாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. "உங்க வீட்டுக்காரருக்குப் பத்து விரலும் இருக்கில்ல?"ன்னு கேட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. இன்னும் எத்தனையோ சந்து போகணும்னு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

அது நடந்தது வியாழக்கிழமை. காலைல ஏழரைக்கு ராஜ்குமார் வந்தான். முகம் செவந்து கிடந்துச்சு. "என்னடா, பர்னஸை நெஞ்சோட கட்டிக்கிட்டு வந்தியா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். தலை வலிக்குதுன்னான். ஒரு பாக்கெட் கொடுத்து, கரைச்சுக் குடின்னேன். வாங்கிப் பையில போட்டுக்கிட்டான். சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தாழ்ப்பாள்ல கட்டினான். "சாயங்காலம் தண்ணி வந்தா மட்டும் எழுப்புங்கக்கா, கண்ணு எரியுது"ன்னு சொல்லிட்டு உள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டான். அவன் என்கிட்ட கடைசியா பேசினது அதுதான்.

பன்னெண்டு மணிக்கு சுஜாதா போன் பண்ணா. "அக்கா, அவரு போனை எடுக்கல. காலைல பேசும்போது தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னாரு. ஒருதடவை கதவைத் தட்டிப் பாருங்கக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரிச்சேன். "ஏண்டி, புருஷனைத் தூங்கக் கூட விடமாட்டியா? பன்னெண்டு மணி நேரம் நின்னவனுக்குத் தலை சுத்தாம என்ன பண்ணும்? துண்டு கட்டிட்டுத் தூங்குறான். நீ வயித்தைத் தூக்கிக்கிட்டு நிழல்ல உட்காரு"ன்னேன். அவளும், "சரிக்கா, நீங்க இருக்கீங்கன்னு தைரியம்தான்"னு வச்சுட்டா.

ஒரு மணிக்குப் பாக்கெட்டும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். ரெண்டாம் நம்பர்ல சரோஜம்மாள், தனியா இருக்கிற பொம்பளை, ஈரத் துணியை நெத்தியில போட்டு உட்கார வச்சேன். எட்டாம் நம்பர்ல குழந்தைக்கு உடம்பு சுட்டுச்சு, தண்ணியில தொடைச்சு விட்டேன். ஓடி ஓடிப் பார்த்தேன், பொய் சொல்லல. ஆறாம் நம்பரைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்கக் கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தேன். தரை சுட்டுச்சு, அப்பவும் நடந்தேன்.

ரெண்டரைக்கு மறுபடியும் போனேன். அப்ப மட்டும் சுஜாதா சொன்னது மனசுல உறுத்துச்சு. கதவுகிட்ட காதை வச்சேன். ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு. ஃபேன் ஓடுது, நல்லா தூங்குறான்னு திரும்பிட்டேன். அந்த ஃபேன் நெருப்புக் காத்தைத்தான் அவன் மேல அடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு எனக்குப் புத்தி எட்டல.

நாலே முக்காலுக்குக் குழாயில தண்ணி வந்துச்சு. தண்ணி வந்தா எழுப்பச் சொன்னான் இல்ல? அதனால தட்டினேன். அப்பவும் மெதுவாத்தான் தட்டினேன். பதில் இல்ல. பலமா தட்டினேன். பேர் சொல்லிக் கத்தினேன். வீட்டுக்காரரும் மூணாம் நம்பர் பாலாஜியும் ஓடி வந்து தோளால இடிச்சாங்க. தாழ் உடைஞ்சும் கதவு தொறக்கல, உள்ள எதுவோ தடுத்துச்சு. தள்ளித் தள்ளித் தொறந்தா, தடுத்தது அவன்தான்.

பாயை விட்டுக் கதவு வரைக்கும் வந்திருக்கான். கதவுக்கும் அவன் தலைக்கும் ஒரு சாண் கூட இல்ல. குடம் காலி, உருண்டு கிடந்துச்சு. நான் ரெண்டரைக்குக் காதை வச்சேனே, அப்ப அவன் அந்தப் பக்கம் கிடந்தானா, இல்ல அதுக்கப்புறம் வந்தானா? இதை யாராலயும் எனக்குச் சொல்ல முடியாது.

உயிர் இருந்துச்சு. உடம்புல ஒரு பொட்டு வேர்வை இல்ல, காய்ச்சின இரும்பு மாதிரி கொதிச்சுச்சு. கண்ணு மேல போயிடுச்சு, வாய் என்னமோ முணுமுணுத்துச்சு. குழாய்ல இருந்து குடம் குடமா ஊத்தினோம். ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், வழியெல்லாம் ஈரத் துண்டால விசிறிக்கிட்டே போனேன். யா அல்லா, இவனை விட்டுடு, என்னை எடுத்துக்கோன்னு கேட்டேன். ஆஸ்பத்திரியில ஐஸ் வச்சாங்க, ஊசி போட்டாங்க, என்னென்னவோ பண்ணாங்க. டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு, வெளிய வந்து, "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கிட்டா. மறுநாள் காலைல எட்டு மணிக்குப் போயிட்டான்.

சுஜாதாவுக்கு அதே வாரம் பொம்பளைக் குழந்தை பொறந்துச்சு.

அதுக்கப்புறம் நான் ஒரு வெறியிலதான் இருந்தேன். சந்துல இருந்த துண்டையெல்லாம் நானே அவுத்துப் போட்டேன். மணிக்கு ஒருதடவை நைட் ஷிப்ட் கதவுங்களைத் தட்டினேன். "இருக்கியா?"ன்னு கேட்பேன். உள்ள இருந்து கெட்ட வார்த்தை வரும். திட்டுடா, நல்லா திட்டு, திட்டுறதுக்கு உயிர் இருக்குதில்லன்னு நெனச்சுப்பேன். சரோஜம்மாள் கூட, "இவளுக்குப் பித்துப் பிடிச்சிடுச்சு"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

ஓனர் வெங்கட்டுக்குப் போன் பண்ணி சூடு இறங்காம ஷீட்டுக்குக் கீழ ஏதாவது அடிச்சுக் கொடுங்கன்னேன். "மழை வந்தா எல்லாம் சரியாயிடும்மா"ன்னார். நாங்களே சுண்ணாம்பு கரைச்சு மேல அடிச்சோம். ஒரே ஒரு கோடை மழை பேஞ்சுது, சுண்ணாம்பெல்லாம் சந்துல ஓடுச்சு, மறுநாள் வெயில் பழையபடி. பாலாஜி கோயில் வேப்பமரத்தடியில போய்ப் படுத்தான். முதல் நாளே போனை எவனோ அடிச்சுட்டான். நைட் வேணாம்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டதுக்கு, "வர முடியலன்னா சொல்லு, வேற ஆள் இருக்கு"ன்னு பதில் வந்துச்சாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு.

முந்தாநேத்து பாலாஜி என் முன்னாடி வந்து நின்னான். கண்ணு ரெண்டும் மிளகாய்ப் பழம். அவனும் பிரஸ் ஷாப்லதான் இருக்கான்.

"அக்கா, கும்புடறேன், நாளைக்கு மட்டும் தட்டாதீங்க. நேத்து நைட் மெஷின் முன்னாடி தூங்கிட்டேன். பக்கத்துல இருந்தவன் சட்டையைப் பிடிச்சு இழுத்ததால தப்பிச்சேன்."

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் பேசினார். அவர் அதிகம் பேசுற ஆளே இல்ல. "விட்டுடும்மா. அவன் தூங்கட்டும்"னார். அந்த ரெண்டு விரல் கையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சரின்னு தலையாட்டினேன்.

நேத்து காலைல பாலாஜி தாழ்ப்பாள்ல துண்டு கட்டினான். ராஜ்குமார் செத்து முப்பது நாள் ஆகல, எங்க லைன்ல மறுபடியும் துண்டு ஏறிடுச்சு.

அதே நாள், உச்சி வெயில்ல சுஜாதா வந்து நின்னா. கூட அவ அப்பா ராஜப்பன், அவ கையில பச்சைக் குழந்தை. ரூமைக் காலி பண்ண வந்தாங்க. பிள்ளை பெத்த உடம்பு, இந்த வெயில்ல ஏண்டி வந்தேன்னு கேட்க வாய் வந்துச்சு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்கறது? நாலு பாத்திரம், ஒரு பாய், ஒரு ஃபேன், அவன் சட்டைங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. பெரியவர் சாமானை ஆட்டோவுல ஏத்தப் போனார். சுஜாதா என் வாசல்ல வந்து உட்கார்ந்தா. தண்ணி கொடுத்தேன், குடிச்சா.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க"ன்னா. "நான் போன் பண்ணினப்ப நீங்க தட்டியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?"

விதின்னு சொல்லியிருக்கலாம். அல்லா எழுதினதுன்னு சொல்லியிருக்கலாம். ஊரே அப்படித்தான் சொல்லுது. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு என்னால முடியல.

"பொழைச்சிருப்பான்"னேன்.

அவ திட்டல. திட்டியிருந்தா, என் முடியைப் பிடிச்சு உலுக்கியிருந்தா, எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினா. அப்பதான் மூணாம் நம்பர் தாழ்ப்பாள்ல துண்டு தொங்குறது அவ கண்ணுல பட்டுச்சு.

குழந்தையை என் மடியில வச்சா. எழுந்து போனா. ரெண்டு கையாலயும் அந்தக் கதவை அடிச்சா பாருங்க, லைனே வெளிய வந்துடுச்சு. "அண்ணா! எழுந்திருங்கண்ணா! அண்ணா!" பாலாஜி வாய் நிறைய வசவோட கதவைத் தொறந்தான். அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கிட்டான். பனியன் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு.

"தண்ணி குடிச்சீங்களா?"ன்னு கேட்டா.

"குடிக்கிறேம்மா"ன்னான்.

அவன் குடிச்சு முடிக்கற வரைக்கும் அங்கயே நின்னா. அப்புறம் வந்து என் மடியில இருந்து குழந்தையை வாங்கிக்கிட்டா. நேரா ஆட்டோவுல போய் ஏறினா. ஆட்டோ போயிடுச்சு.

பாலாஜிக்கு அப்புறம் தூக்கம் வரல. படுத்தான், புரண்டான், எழுந்து சந்துல உட்கார்ந்தான். அஞ்சு மணிக்குக் குளிச்சான். ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைத் தாண்டித்தான் போகணும். என் மேல கோபம் கூட இல்ல அவனுக்கு. அவன் போன பக்கத்தையே எங்க வீட்டுக்காரர் பார்த்துக்கிட்டு இருந்தார். "நீயும் அந்தப் பொண்ணும் அவன் உயிரைப் பார்த்துட்டீங்க"ன்னார். "கையை யாரு பார்க்கறது?"

இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கெல்லாம் சந்து முனையில போய் நின்னுட்டேன். ஏழே காலுக்கு பஸ் வந்துச்சு. பாலாஜி இறங்கினான். முதல்ல அவன் கையைத்தான் பார்த்தேன். சாப்பாட்டுப் பையைப் பிடிச்ச கையில அஞ்சு, தொங்கின கையில அஞ்சு. அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன். அவன் தூக்கத்துலயே நடக்கிற மாதிரி என்னைத் தாண்டிப் போனான்.

தாழ்ப்பாள்ல துண்டைக் கட்டினான். உள்ள போனான். தாழ் போட்ட சத்தம் கேட்டுச்சு.

இப்ப மணி பத்தாகப் போகுது. ஷீட்டு படபடன்னு ஆரம்பிச்சிடுச்சு. அவன் கதவுக்கு எதிர்ல முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன், பக்கத்துல ஒரு குடம் தண்ணி இருக்கு. உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. இன்னும் ரெண்டு மணி நேரத்துல நான் இந்தக் கதவைத் தட்டணுமா, வேணாமா? தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வந்து சொல்லுங்க.